வெள்ளக்கடைக்குச் செடி கொண்டு போகிறவர்களுக்கு

நர்சரிக்காரர் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னீர்கள். மைக்கைப் பிடித்தால் எனக்குப் பேச்சுக்கு முன்னால் இருமல் வருகிறது. அதனால் எழுதித் தருகிறேன். யாராவது ஒருவர் வாசித்துவிடுங்கள். நடுவில் டீ வந்தால் நிறுத்திக் குடித்துவிட்டுத் தொடருங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அரசாங்க டெண்டர் எடுப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். எந்த விண்ணப்பம், எந்த டெபாசிட், எந்த மேசை என்பதெல்லாம் இன்றைக்கு என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மேசைக்கு அடியில் நடப்பதைப் பற்றியும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டெண்டர் நம் கைக்கு வந்த பிறகு, யாரும் பார்க்காத நேரத்தில் நாம் எடுக்கிற முடிவு ஒன்று இருக்கிறது. நான் அறிந்தது அதைப் பற்றித்தான். அதை ஒருமுறை தவறாக எடுத்தேன். மற்றபடி எனக்கு நல்ல வாழ்க்கைதான் கிடைத்தது. ஏற்காட்டுக் குளிரில் செடி வளர்த்துப் பிழைத்தவனுக்குப் பெரிய குறை ஒன்றும் சொல்லத் தெரியாது. இந்த ஒன்று மட்டும் தொண்டையில் நிற்கிறது.

முதலில் ஒரு சின்ன முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். அதைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடியும்.

சேலத்தில் தாவரவியல் படித்துவிட்டு வந்து, ஏரிக்கு மேலே குத்தகை நிலத்தில் நர்சரி போட்ட புதிது. என் அப்பா எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். மாதச் சம்பளம் இல்லாத வேலை எதையும் அவர் வேலையாக மதிக்க மாட்டார். அவருக்குக் காட்டுவதற்காகவே முதல் அரசாங்க டெண்டரைப் போட்டேன். வாழவந்திப் பக்கம் விவசாயிகளுக்கு சில்வர் ஓக் நாற்று கொடுக்க வேண்டும். விலை போட்டேன், கிடைத்தது. அப்பா அன்றைக்கு இரண்டாவது தோசையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நாற்றை லாரியில் ஏற்றிக்கொண்டு போனால், லாரி நின்ற இடத்திலிருந்து நிலங்கள் எல்லாம் மேலே இருந்தன. 'பயனாளியின் நிலத்தில் ஒப்படைக்க வேண்டும்' என்று ஒரு வரி இருந்ததை நான் படித்திருந்தேன். அந்த நிலத்தைத்தான் பார்க்கவில்லை. தலைச்சுமைக்கு அந்த ஊர்ப் பெண்களையே கூப்பிட வேண்டியதாயிற்று. முதல் கூடையைத் தூக்கி வைத்த அம்மாள் மேட்டை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏனுங்க, வெல போடறப்ப இந்த மேட்டையும் சேத்துப் போட்டீங்களா?"

"இல்லீங்கம்மா."

"அப்பச் சரிங்க. மேட்டுக்கான காசு எங்களுக்கு, செடிக்கான காசு உங்களுக்கு" என்றாள். மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் கூடைகள் குலுங்கின. செடிக்கான காசிலும் பெரும்பகுதி அவர்களுக்கே போயிற்று. அதற்குப் பிறகு நடந்து பார்க்காத நிலத்துக்கு நான் விலை போட்டதில்லை. நீங்களும் போடாதீர்கள். மலையில் தூரத்தைக் கால்தான் அளக்கும்.

இனி அடுத்தது.

எழுபதுகளின் கடைசி. மலை விவசாயிகளுக்கு இலவசமாக ஆரஞ்சு ஒட்டுச் செடி கொடுக்கும் ஒரு திட்டம் வந்தது. துறையின் பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்கள். முதல் ஊர் வெள்ளக்கடை. இந்த மலையில் ஒட்டு கட்டத் தெரிந்த நர்சரிகள் அப்போது கொஞ்சம்தான். டெண்டர் போட்டவர்களில் சொல்லத்தக்கவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். மற்றவர், ஊர்ப் பெயராலேயே எல்லோரும் அழைத்த கொட்டச்சேட்டுக்காரம்மா.

அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்து, கணவர் இறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னால் நர்சரி வைத்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச், திங்கட்கிழமை டெண்டர். இரண்டுக்கும் அதே வெள்ளைச் சேலை, அதே கறுப்புக் குடை. என்னை விடப் பத்துப் பதினைந்து வயது பெரியவர். டெண்டர் பெட்டியைத் திறந்து உறையின் அரக்கை உடைத்து விலைகளை வாசித்தபோது, என் விலை அவருடையதைவிட நன்றாகவே குறைவு. அவர் முகம் மாறவில்லை. வெளியே வந்து குடையை விரித்தார்.

"எடுத்துட்ட தம்பி. சந்தோசம்."

"உங்க ஆசீர்வாதங்க அக்கா."

"எங்கிட்ட எதுக்கு ஆசீர்வாதம்? மேல பாத்துக் கேளு. ஆலங்கட்டி மழை உன்னோட ரேட்டு என்னன்னு கேட்டுட்டு வராது."

பொறாமையில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒட்டுச் செடியைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இதைக் கேட்கிற வீட்டுக்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஆரஞ்சை விதை போட்டு வளர்த்தால் காய்க்க நாளாகும், நோயும் தாங்காது. அதனால் முரட்டு வேர் உள்ள இன்னொரு செடியை வளர்த்து, அதன் தண்டில் நல்ல ஆரஞ்சு மரத்தின் மொட்டைக் கட்டுவோம். மொட்டு பிடித்ததும் மேலே உள்ளதை வெட்டிவிடுவோம். அந்த மொட்டிலிருந்து வருவதுதான் ஆரஞ்சு. வேர்ச் செடி தன் பங்குக்குக் கீழே ஓயாமல் முளைவிடும். அதைக் கிள்ளிக் கிள்ளி எறிவதுதான் நர்சரி வேலையில் பாதி. நான் வேருக்கு வைத்திருந்தது ரங்கபுரி. அதன் பழம் பார்க்கச் சின்ன ஆரஞ்சு மாதிரியே இருக்கும். அதே நிறம், அதே தளர்ந்த தோல், உள்ளே அதே சுளை. வாயில் வைத்தால் மட்டும் எலுமிச்சை.

சித்திரையில் ஒரு மதியம் ஆலங்கட்டி கொட்டியது. தகரக் கொட்டகைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு கேட்காத சத்தம். நின்ற பிறகு வெளியே வந்தால், ஒரு சாண் வளர்ந்திருந்த ஆரஞ்சுத் தளிர்கள் ஏறக்குறைய பாதிச் செடிகளில் மொட்டோடு பிய்ந்து கிடந்தன. மீண்டும் மொட்டு கட்டி வளர்க்க அவகாசம் இல்லை. ஆனியில் மழை பிடித்ததும் செடியை ஒப்படைக்க வேண்டும். தவறினால் டெபாசிட் போய்விடும், கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறும்.

மறுநாள் கொட்டச்சேட்டுக்காரம்மா பால்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் பக்கம் ஆலங்கட்டி விழவில்லையாம். 'செடி வேணும்னா ஆள் அனுப்பச் சொல்லு.' வாங்கியிருந்தால் விலை கையைச் சுட்டிருக்கும், அவ்வளவுதான். இன்னொரு வழியும் இருந்தது. துறைக்கு ஒரு கடிதம் எழுதி, பாதியை இந்த மழைக்கும் மீதியை அடுத்த மழைக்கும் தருகிறேன் என்று கேட்டிருக்கலாம். நான் இரண்டையும் செய்யவில்லை. கேட்பது அவமானம் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, நர்சரியில் களை எடுக்கிற பெண் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஒடிஞ்ச செடியில எல்லாம் கீழ முளைச்சிருக்குதுங்க. கிள்ளிப் போடட்டுங்களா?"

"வேண்டாம். விடு."

"ரங்கபுரிங்களே அண்ணா."

"தெரியும். விடு."

என் குற்றம் முழுவதும் அந்த ஒரு சொல்தான். விடு. படிக்காமல் செய்ததல்ல, தெரியாமல் செய்ததல்ல. எனக்குள் ஒரு நியாயமும் வைத்திருந்தேன். மலையில் நட்டால் எப்படியும் கொஞ்சம் செடி செத்துப்போகும், அது இந்தச் செடிகளாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று. தாவரவியல் படித்தவன் இப்படி நினைத்தான். செத்துப்போவது மென்மையான ஆரஞ்சு. ரங்கபுரியைக் கல்லில் நட்டாலும் பிழைக்கும்.

ஆனியில் ஜீப்பில் அதிகாரி வந்து பார்த்தார். ரங்கபுரி முளை ஆரஞ்சை முந்திக்கொண்டு, கரும்பச்சையாக, கொழுகொழு என்று நின்றது. வரிசையில் நடந்து வந்தவர் சரியாக அதன் முன்னால் நின்றார்.

"இது நொம்ப நல்லா வந்திருக்குதுங்களே. இந்த மாதிரிதான் வேணும்."

"நம்ம மலைத் தண்ணிங்க சார்" என்றேன்.

அப்போது அவர் ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ரங்கபுரி இலை எலுமிச்சை வாசம் அடிக்கும். ஆரஞ்சு இலை அடிக்காது. அவர் கை இலைப் பக்கம் போனது. புழு இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். செடிகள் வெள்ளக்கடைக்குப் போயின. மேட்டுக்கும் சேர்த்து விலை போட்டிருந்தேன். தலைச்சுமைக்காரர்களுக்குக் கூலி சரியாகக் கொடுத்தேன். பில்லும் தாமதமில்லாமல் வந்தது. அதன் பிறகு நாலைந்து டெண்டர் எடுத்தேன், எல்லாம் சுத்தமாகச் செய்தேன். கல்யாணம் செய்துகொண்டேன். குத்தகை நிலத்தையே வாங்கினேன். வெள்ளக்கடைப் பக்கம் மட்டும் போகவில்லை.

நம் தொழிலில் ஒரு வினோதம் இருக்கிறது. பாலம் கட்டுகிறவனுக்கு அடுத்த மழையில் தெரிந்துவிடும். அரிசி கொடுக்கிறவனுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். செடி கொடுக்கிறவனுடைய பொய் காய்ப்பதற்கு வருஷங்கள் ஆகும். அதற்குள் அதிகாரி மாறியிருப்பார், பைல் கட்டப்பட்டிருக்கும், நாமே கொஞ்சம் மறந்திருப்போம். அதனால்தான் இது ஆபத்தான தொழில்.

எண்பதுகளின் நடுவில் அந்தத் திட்டம் இரண்டாவது முறை வந்தது. விவரம் கேட்க அலுவலகம் போயிருந்தேன். புதிய அதிகாரி, இளைஞர், சமவெளிக்காரர். ஊர்களைப் படித்துக்கொண்டே வந்தவர் ஒரு பெயரைத் தாண்டினார்.

"வெள்ளக்கடை கெடையாதுங்க. போன தடவை குடுத்த ஆரஞ்செல்லாம் புளிச்சுப் போச்சாம். மண்ணு சரியில்லைன்னு ரிப்போர்ட் இருக்குது."

விவரத்தைக் குறித்துக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் நிறுத்தத்தில் நின்று இரண்டு பஸ்ஸை ஏறாமல் விட்டேன். மண் சரியில்லை என்று எழுதியிருக்கிறார்கள். செடி சரியில்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த நாள் வெள்ளக்கடைக்கு நடந்தேன்.

சின்னையன் என்பவர் நிலம் எனக்கு நினைவிருந்தது. செடி இறக்கிய அன்று ஒவ்வொரு செடியையும் பிள்ளையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கியவர் அவர். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாங்க, வாங்க! ஆரஞ்சுக்காரரு! ஊட்டுக்குள்ள வாங்க."

நிலத்தைப் பார்க்கலாமா என்றேன். கூட்டிப் போனார். போகும்போதே பேசிக்கொண்டு வந்தார். சில மரங்கள் சீக்கிரமே காய்த்தனவாம். ஊரே வந்து பார்த்ததாம். சுளையை வாயில் போட்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்களாம். அடுத்த வருஷமும் அதே புளிப்பு.

"மத்த மரமெல்லாங்க?"

"அதுங்களா? அதுங்க காய்க்கவே இல்லீங்க. காய்ச்சதே இந்தப் புளிப்பு புளிச்சா, காய்க்காத சோம்பேறி மரம் என்னத்தக் குடுக்கப்போவுதுன்னு வெட்டிப் போட்டுட்டேன். காய்ச்ச மரத்த ஊறுகாய்க்கு விட்டு வெச்சிருக்கறேங்க."

நின்றுவிட்டேன். ரங்கபுரி ஆரஞ்சை முந்திக் காய்க்கும். இன்னும் ஒன்றிரண்டு வருஷம் பொறுத்திருந்தால் மற்றவை இனிப்பாகக் காய்த்திருக்கும். பொறுத்திருக்க அவருக்கு என்ன காரணம் இருந்தது? முதலில் வந்த சாட்சி பொய்ச் சாட்சி. அதை அனுப்பியவன் நான். நல்ல மரங்கள் எல்லாம் அடிக்கட்டைகளாக இருந்தன. நான் விட்டுவைத்த முளைகள் எல்லாம் மரமாக நின்று, மஞ்சளும் சிவப்புமாகக் காய்த்துக் குலுங்கின.

வீட்டில் அவர் மனைவி காளியம்மா சாமைச் சோறும் ஊறுகாயும் போட்டார்.

"உங்க ஆரஞ்சுதானுங்க. எப்படி இருக்குது?"

ஊறுகாய் நன்றாக இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. சோற்றில் கையை வைத்துக்கொண்டே சொன்னேன். ஆலங்கட்டியிலிருந்து ஆரம்பித்து, 'விடு' என்று சொன்னது வரைக்கும். ஒட்டு, வேர், முளை எல்லாவற்றையும் விளக்கினேன். இது ஆரஞ்சு மரமே இல்லை என்றேன். தெரிந்தே கொடுத்தேன் என்றும் சொன்னேன்.

சின்னையன் வெளியே நிலத்தின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டிய மரங்களைத்தான் நினைத்திருப்பார். காளியம்மாதான் முதலில் கேட்டார்.

"அப்ப எங்க மண்ணு மேல தப்பு இல்லீங்களா?"

"ஒரு தப்பும் இல்லீங்கம்மா."

"சாமி குத்தமும் இல்லீங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. என் குத்தம்."

அவர் கணவர் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டியா? ஏர் ஓட்டறப்ப ஏதோ எல்லைக்கல்ல சாய்ச்சுப்போட்டேன், சாமி புளிக்க வெச்சுருச்சுன்னு சொல்லிக் கெடா வெட்டினியே, கொழுத்த கெடா!"

சின்னையன் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கெடாவ நீங்க குடுக்கோணும்."

"தர்றேங்க."

"கெடாவ உடுங்க. எந்தம்பி இருக்கறானே, அவனுக்கும் அதே செடிதான் குடுத்தீங்க. மண்ணு ஆவாதுன்னு நெலத்த எஸ்டேட்டுக்குக் குத்தகைக்கு உட்டுப்போட்டு அங்கயே கூலிக்குப் போறான். அவனுக்கு என்னத்தக் குடுப்பீங்க?"

அந்தத் தம்பி தன் நிலத்துக்குத் திரும்பவே இல்லை. எத்தனை நல்ல செடி கொடுத்தாலும் இந்த இடம் எனக்கு நிரம்பாது. இதை நீங்கள் வாசிக்காமல் தாண்டிவிடாதீர்கள்.

கிளம்பும்போது சின்னையன் சொன்னார். "இத எங்ககிட்டச் சொன்னா நாங்க என்னங்க பண்றது? ஆபீசுல சொல்லுங்க. எங்க ஊரு பேர எழுதச் சொல்லுங்க."

போனேன். அந்த இளம் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கறுப்புப் பட்டியலில் சேர்த்தாலும் சரி, வெள்ளக்கடையைச் சேருங்கள் என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சார், செடி நல்ல தரம்னு எங்க ஆபீஸ் கையெழுத்து இருக்குது. ஆடிட் முடிஞ்சு போச்சு. இப்ப நீங்க வந்து செடி மோசம்னு சொன்னா, பொய் சொன்னது நீங்களா, நாங்களா?"

"நாந்தானுங்க."

"நீங்க சொல்றீங்க. பைல் அப்படிச் சொல்லாதே." கொஞ்சம் யோசித்தார். கெட்டவர் இல்லை. "டீ சாப்புடுங்க. மண்ணு நல்லாருக்குன்னு எனக்கு வேற எதையாவது காட்டுங்க. உங்க மன்னிப்ப வெச்சு நான் ஊரச் சேக்க முடியாதுங்க."

இளைஞர்களே, அரசாங்க வேலையில் நான் கற்ற பெரிய பாடம் இது. அலுவலகம் நம் பொய்யை ஒரு நிமிஷத்தில் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்துவிடும். உண்மையைக் கொண்டு போனால் வாங்கி வைக்க அங்கே இடம் இருக்காது. ஆகவே உண்மையைச் சொல்ல வேண்டுமானால் கையெழுத்து விழுவதற்கு முன்னால் சொல்லுங்கள். அன்றைக்கு அது ஒரு கடிதத்தோடு முடிந்திருக்கும்.

வேறு எதைக் காட்டுவது? மண் இனிக்கிறது என்று காட்டப் பழம்தான் வேண்டும். வீட்டுக்கு வந்து யோசித்தபோது ஒன்று தோன்றியது. சின்னையன் நிலத்தில் நிற்பது மரம் இல்லை, முரட்டு வேர். அதன் கிளைகளை வெட்டிவிட்டுப் புதுத் தளிர் வரவைத்து, அதில் நல்ல ஆரஞ்சு மொட்டைக் கட்டினால்? நாற்றைவிட விரைவாகவே காய்க்கும். ஆனால் மொட்டு எடுக்க நல்ல தாய் மரம் வேண்டும். இந்த மலையில் எனக்குத் தெரிந்த நல்ல தாய் மரங்கள் கொட்டச்சேட்டில் இருந்தன.

நான் போனபோது அந்த அம்மா குடையோடு சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சொன்னேன். முழுவதையும் நின்றபடியே கேட்டார்.

"அன்னைக்கே வந்திருந்தா செடியா குடுத்திருப்பேன். இப்ப வந்து மொட்டுக் குச்சி கேக்கறே."

"ஆமாங்க அக்கா."

"எனக்கு அப்பவே சந்தேகந்தான். பாதிச் செடி ஒடிஞ்சுதுன்னு பால்காரன் சொன்னான், ஆனா நீ முழுக் கணக்கு ஒப்படைச்சே. சின்ன மலைதானே தம்பி இது?"

"ஏன் யாருகிட்டயும் சொல்லலீங்க?"

"நான் டெண்டர்ல தோத்தவ. நான் சொன்னா அது புகார் இல்ல, வயித்தெரிச்சல்." குடையை என்னிடம் நீட்டினார். "புடி. கத்தியை எடுத்துட்டு வர்றேன். இன்னைக்கு சாமி எனக்காகக் கொஞ்சம் காத்திருக்கும்."

அந்த மழைக்காலம் முழுவதும் நாங்கள் இருவரும் வெள்ளக்கடையில் மொட்டு கட்டினோம். அவர் கட்டியது அநேகமாக எல்லாம் பிடித்தது. நான் கட்டியதில் பிடிக்காததைப் பார்த்து, "காலேஜ் மொட்டு" என்று காளியம்மாவிடம் காட்டிக் காட்டிச் சிரிப்பார். சின்னையன் முதலில் எட்டி நின்றார். பிறகு ஏணி பிடித்தார். அதற்கும் பிறகு, ஒரு காலை நான் போனபோது, கீழே முளைத்த ரங்கபுரித் தளிர்களை அவரே ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தார். "இத உடக் கூடாதுன்னீங்களே" என்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஓரிரு வருஷத்தில் பூத்தது. அடுத்து வந்த கார்த்திகையில் பழம். முதல் சுளையை எடுத்து யார் தின்பது என்று யாருக்கும் தைரியம் வரவில்லை. காளியம்மா பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டார். எல்லோரும் அவர் கண்ணைப் பார்த்தோம். கண் மூடவில்லை.

"இனிக்குதுங்க" என்றார். பிறகு சின்னையனை முறைத்தார். "வெட்டினது எல்லாம் இப்படித்தான் இனிச்சிருக்கும், இல்ல?"

ஒரு கூடைப் பழத்தை அலுவலக மேசையில் வைத்தோம். அதிகாரி அப்போதும் அதே இளைஞர்தான். மாற்றல் கைக்கு வந்துவிட்டது, கிளம்பும் நேரம். ஒரு பழத்தை உரித்துத் தின்றுவிட்டு, எந்த ஊர் என்று கேட்டார். சின்னையன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு, "வெள்ளக்கடைங்க" என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார். இன்னொரு பழத்தை எடுத்துக்கொண்டார். போவதற்கு முன்னால் அந்த ஊரின் பெயரை எழுதிவிட்டுத்தான் போனார்.

தொண்ணூறு தொடங்கும்போது வெள்ளக்கடைக்கென்று டெண்டர் வந்தது. நான் போடவில்லை. கொட்டச்சேட்டுக்காரம்மா போட்டார், அவருக்கே கிடைத்தது. தியாகம் என்று நினைக்காதீர்கள். அவருடைய நர்சரியில் ஒப்படைப்புக்கு முன்னால் ஒவ்வொரு செடியாக இலை கசக்கிப் பார்க்கிற வேலையை எனக்குக் கொடுத்தார், கூலியோடு. "நீதான் இதுக்குச் சரியான ஆளு. திருட்டுத்தனம் எங்க ஒளியும்னு உனக்குத் தெரியும்" என்றார். என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாகச் செய்த அரசாங்க வேலை அதுதான்.

செடிகளோடு நானும் வெள்ளக்கடைக்குப் போனேன். கூடவே ஒரு கெடா. கயிற்றை நானே பிடித்துக்கொண்டு ஏறினேன். மேட்டில் அது என்னை இழுத்ததா, நான் அதை இழுத்தேனா என்று ஊரில் இன்னும் பேச்சு உண்டு. செடிகளை இறக்கியதும் காளியம்மா முன்னால் வந்து, முதல் செடியில் ஒரு இலையைக் கிள்ளினார். கசக்கினார். மோந்து பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு அடுத்த செடிக்குப் போனார். அவர் பின்னால் ஊர்ப் பெண்கள் எல்லோரும் வரிசையாக அதையே செய்தார்கள்.

"கோவிச்சுக்காதீங்க. உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்லீங்க" என்றார் என்னிடம்.

"இருக்க வேண்டாங்கம்மா. பாருங்க" என்றேன்.

அந்த வழக்கம் அங்கே ஊன்றிவிட்டது. காப்பிச் செடி போனாலும் சில்வர் ஓக் போனாலும், மோந்து பார்த்து ஒன்றும் தெரியப்போவதில்லை என்றாலும், ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகத்தருகே கொண்டுபோன பிறகுதான் செடியை வாங்குகிறார்கள். ஏன் என்று இன்றைய பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

உங்களில் யாராவது வெள்ளக்கடைக்குச் செடி கொண்டு போனால் அவர்கள் உங்கள் செடியிலும் இலையைக் கிள்ளுவார்கள். அவசரப்படாதீர்கள், சிரிக்காதீர்கள், எங்களை நம்பவில்லையா என்று கேட்காதீர்கள். கடைசிச் செடி வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அவர்கள் சோதிப்பது உங்களை அல்ல, என்னை.